பால் பொங்கிய நாளிலிருந்து

பால் காய்ச்சியதுதான் பிழை என்று ஒடென்சே என்ற டெனிஷ் நகரத்தில் இருக்கிற எங்கள் ஆக்கள் எல்லாரும் ஒரே வாயாய்ச் சொன்னார்கள். வேறு எதிலும் எங்கள் ஆக்கள் ஒரே வாயாய்ச் சொல்லி நான் கேட்டதில்லை. கோயில் திருவிழாவை எந்தச் சனிக்கிழமை வைப்பது என்பதிலேயே மூன்று கட்சி உண்டு. ஆனால் இன்னும் கைக்கு வராத வீட்டுக்குள் போய் இராசலட்சுமி அடுப்பு மூட்டியது பிழை என்பதில் மட்டும் அப்படியொரு ஒற்றுமை.

எனக்கு அந்தக் குடும்பத்தை நெடுங்காலமாகத் தெரியும். ஒரே மாடிக்கட்டடத்தில் அவர்கள் மேலே, நான் கீழே. என்னிடம் ஒரு பழைய வான் இருப்பதால் யார் வீடு மாறினாலும், யார் பிள்ளைக்குப் பூப்பு நீராட்டுச் சாமத்தியவீடு வந்தாலும் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள். சீவரத்தினம் ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை. அந்த வருஷம், இரண்டாயிரத்து ஒன்பதில், நாட்டில் ஒருவரும் புது வீடு கட்டவில்லை; ஜன்னல் யாருக்கு வேண்டும்? ஆட்களை ஒவ்வொருவராய் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நிறுத்துகிற கடிதம் கொடுப்பது வெள்ளிக்கிழமையில் என்பதால், அன்றைக்கு மட்டும் அவர் மேலாளரின் கண்ணில் படாமல் வேலை செய்வார்.

அவர் பெண்சாதி இராசலட்சுமி நகரத்துக்கு வடக்கே, பூச்செடி வளர்க்கிற கண்ணாடிக்கூடத்தில் வேலை. கண்ணாடிக்கூடம் என்றதும் பூவும் வாசமும் நினைவுக்கு வரும். போய் நின்று பார்த்தால் தெரியும். உள்ளே வேர்த்து வழியும். வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் காற்று காதை அறுக்கும். ஓடுகிற பட்டியில் சட்டிகள் வரும். ஒவ்வொன்றிலும் விரலால் குழி போட்டு, கிளைத்துண்டை ஊன்றி, மண்ணை அழுத்த வேண்டும். அன்னையர் தினம் வருகிற மே மாதத்தில் மூச்சுவிட நேரமில்லை. ஈர மண்ணில் ஊறி அவள் விரல் நுனிகள் எல்லாம் வெடித்திருக்கும். புட்டுக் குழைக்கும்போது உப்புப் பட்டு எரியும் என்பாள். வேலையை விடு என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். பொதுவாகவே அவளுக்குக் கோபம் வரும்.

வீடு வாங்கும் ஆசை அவளுடையதுதான். தொண்ணூறாம் ஆண்டு, யாழ்ப்பாணத்தின் வடகரையில் அவளுக்குச் சீதனமாய்க் கட்டிக் கொடுத்த வீட்டை விட்டு ஓடிவந்தவள். அடுப்பில் சோறு இருந்தது. பிறகு அந்த இடம் முழுவதையும் ஆமி எடுத்துப் பாதுகாப்பு வலயம் என்று வேலி போட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் உள்ளே போகவில்லை. அவள் அதை நினைத்து அழுது நான் பார்த்ததில்லை. கதை வந்தால் பல்லைக் கடிப்பாள்.

பீற்றர் என்ற கிழவரின் வீடு ஒடென்சேக்கு வெளியே, கடுகு மஞ்சளாய்ப் பூத்த வயல்களுக்கு நடுவே இருந்தது. சிவப்புச் செங்கல், சின்ன முற்றம், ஒரு பேர்ச் மரம். நிலத்துக்குக் கீழே ஓர் அறை. எங்கள் ஆக்கள் டெனிஷ்காரர் சொல்வதுபோலவே அதைக் கெல்டர் என்பார்கள். பீற்றர் ஆயுள் முழுக்கப் பால் லொறி ஓட்டியவர். மனைவி செத்த பிறகு வீடு பெரிதாகிவிட்டது என்று முதியோர் குடியிருப்புக்குப் போக இருந்தார். விற்பனைக் காரியங்களை அவருடைய மகன் பார்த்தான். ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்தார்கள். வீடு கைமாறும் நாள் யூலை முதலாம் திகதி என்று எழுதியிருந்தது.

இங்கேதான் எங்கள் பஞ்சாங்கம் குறுக்கே வந்தது. யூலை முதலாம் திகதி ஆனி மாதம். ஆனியில் புது வீட்டில் அடுப்பு வைக்கக் கூடாது. அடுத்தது ஆடி, அதைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. ஆவணி வரை காத்திருந்தால் மாடிவீட்டுக்கும் வாடகை, புது வீட்டுக்கும் வட்டி. ஐயரைத் தொலைபேசியில் பிடித்தால் அவர் சித்திரைக் கடைசியில் ஒரு நாள் இருக்கு, விட்டால் வைகாசியிலும் பொருத்தமான நாள் இல்லை என்றார்.

"அப்ப அந்தக் கிழவரிட்டை ஒரு விடியப்புறத்துக்கு வீட்டுக் கதவுத் திறப்பைக் கேப்பம்" என்றாள் இராசலட்சுமி.

"ஆரும் குடுப்பினமே? கைமாற முதல்?" என்றார் சீவரத்தினம்.

"கேட்டாத்தானே தெரியும். கேக்கிறதுக்கும் காசோ?"

கேட்டார்கள். மகள் ரஜிதா டெனிஷில் விளக்கினாள். அவள் இங்கே பிறந்தவள், தாதி வேலைக்குப் படிக்கிறாள், தாய் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்கிற இனம். பீற்றர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "எந்தப் பால்?" கடைப் பால் என்றதும் முகத்தைச் சுளித்தார். தனக்குத் தெரிந்த பண்ணையிலிருந்து கறந்த பால் தானே வாங்கி வைப்பதாகச் சொன்னார்.

ஊருக்குள் செய்தி பரவியதும் பரமேஸ்வரி மேலே ஏறி வந்தா. கோயிலில் மடப்பள்ளிப் பொறுப்பு அவவுக்கு. நியாயம் சொல்வதற்கென்றே பிறந்த மனுசி.

"பிள்ளை, நான் சொல்லுறனெண்டு குறை நினையாதை. அங்கை ஊரிலை சண்டைக்குள்ளை சனம் பங்கருக்குள்ளை கிடந்து சாகுது. உன்ரை தம்பி சிவானந்தன் குடும்பம் எங்கை எண்டே தெரியாது. நீ இஞ்சை பால் காய்ச்சப் போறியாம்."

"ஓம் அக்கா, போறன்."

"சனம் என்ன சொல்லும்?"

"சனம் என்ன, நீங்களே சொல்லிப்போட்டியள். அங்கை ஒவ்வொரு வீடாய் அடுப்பை அணைக்கிறாங்கள் அக்கா. இஞ்சை ஒண்டு எரியட்டும். அதையும் பொறுக்கேலாதெண்டா நான் என்ன செய்ய?"

பரமேஸ்வரி தேத்தண்ணியும் குடியாமல் இறங்கிப் போனா. அவ தேத்தண்ணி மறுத்தது அதுதான் முதல்தரம்.

அந்த விடியற்காலை நானும் போனேன். நிறைகுடமும் குத்துவிளக்கும் உடையாமல் கொண்டுபோக வான் வேண்டுமே. சாமிப்படத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இராசலட்சுமி வலது காலை வைத்து உள்ளே போனாள். பின்னால் அரிசி, உப்பு, மஞ்சள். பீற்றர் நல்ல சட்டை போட்டு, தலை வாரி இழுத்து, தன்னுடைய வீட்டு வாசலிலேயே விருந்தாளி மாதிரி ஒதுங்கி நின்றார். சமையலறை அடுப்பு மேற்குப் பார்த்து இருந்ததால் இராசலட்சுமி ஒத்துக்கொள்ளவில்லை. வரவேற்பறையின் மரத்தரையில் காஸ் அடுப்பை வைத்துக் கிழக்குப் பார்த்து மூட்டினாள். பால் பொங்கி வழிந்தது. தரையில் கறுப்பாய் ஒரு வட்டம் விழுந்தது. கற்பூரப் புகைக்குக் கூரையில் இருந்த புகைமணி அலற, ரஜிதா காதைப் பொத்த, பீற்றர் கதிரையில் ஏறி மணியைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் போட்டார்.

இராசலட்சுமி அவருக்குத்தான் முதல் பால் கொடுத்தாள். கற்கண்டு போட்ட பாலை அவர் கண்ணை மூடிக் குடித்தார். "நல்ல பால்" என்றார். அது தன்னுடைய பால் என்ற பெருமையும் அதில் இருந்தது. வடையை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். எல்லாம் முடிந்து கூட்டித் துடைத்துத் திறப்பை அவர் கையில் திருப்பிக் கொடுத்தபோது, அவள் அந்தக் கறுப்பு வட்டத்தைக் காட்டி மன்னிப்புக் கேட்டாள். "உங்கள் தரைதானே" என்றார் கிழவர்.

பிறகு வந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. மே பதினெட்டில் ஊரில் யுத்தம் முடிந்தது, எல்லாம் முடிந்தது என்றார்கள். சீவரத்தினம் வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டுக் கொப்பன்ஹேகனுக்குப் பஸ் ஏறி, நாடாளுமன்றத்துக்கு முன்னால் மழையில் நின்று கத்தி, குரல் இல்லாமல் திரும்பி வந்தார். வீடுகளில் தொலைக்காட்சி அணையவில்லை. கோயிலில் ஆண்கள் அழுவதை அன்றுதான் பார்த்தேன். இராசலட்சுமி ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் விடவில்லை. பட்டி ஓடினது, சட்டி வந்தது, அவள் ஊன்றினாள். தம்பியைப் பற்றி ஒருவர் செட்டிகுளம் அகதி முகாமில் கண்டதாகச் சொன்னார், இன்னொருவர் அது வேறு சிவானந்தன் என்றார்.

அந்தக் கிழமையே மகன்காரன் தொலைபேசி எடுத்தான். ஒரு பெருமழைக்குக் கெல்டருக்குள் தண்ணீர் வந்து கணுக்கால் வரை நிற்கிறது. வெளியே கழிவுக்குழாய் உடைந்திருக்கிறது, முற்றத்தைத் தோண்டித்தான் திருத்த வேண்டும். திருத்துவது உங்கள் பொறுப்பு என்றான். ஏனென்றால் நீங்கள் மே மாதத் தொடக்கத்திலேயே வீட்டைப் பாவிக்கத் தொடங்கிவிட்டீர்கள், தரையில் நெருப்பு மூட்டியிருக்கிறீர்கள், அடையாளம் இருக்கிறது. பாவிக்கத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டுக்கு வருகிற நன்மை தீமை வாங்கியவருடையது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிப் போச்சு என்றது ஊர்.

வீட்டு வழக்கறிஞரான அட்வொகாட்டிடம் போன கதையைச் சீவரத்தினம் ஒரு விதமாய்ச் சொன்னார், ரஜிதா இன்னொரு விதமாய்ச் சொன்னாள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அட்வொகாட் நரைத்த தலைமுடியைக் குட்டையாய் வெட்டிய பெண். வீடு வாங்குகிறவர்கள் கேட்கிற கேள்விகளை ஆயிரம் தரம் கேட்டு அலுக்காத மனுசி. சீவரத்தினம் போனதும் போகாததுமாய்க் கேட்டார்:

"இந்த வீடு வேண்டாமெண்டு விடேலுமோ எண்டு கேள் பிள்ளை."

ரஜிதா கேட்டாள். கையெழுத்து வைத்த முதல் வாரத்துக்குள் என்றால் ஒரு சிறு தொகையைக் கட்டிவிட்டு விலகியிருக்கலாம், இப்போது முடியாது என்றா அட்வொகாட். அப்போ கைமாறும் நாள் வரை வீடு யாருடையது? வாழ்கிறவர் பீற்றர், பொறுப்பும் அவருடையது, வாங்கியவர் முன்கூட்டியே பாவிக்கத் தொடங்கினாலொழிய. பரிசோதனை அறிக்கையில் இந்தக் குழாய் இல்லையா? வெளியே மண்ணுக்குள் இருக்கிறதை அந்த அறிக்கையில் பார்ப்பதில்லை. காப்புறுதி? அது கைமாறிய பிறகுதான் தொடங்கும்.

பிறகு அவ இராசலட்சுமியைப் பார்த்துக் கேட்டா: அன்று அங்கே படுத்தீர்களா? இல்லை. சாமான் ஏதும் வைத்தீர்களா? இல்லை. திறப்பை வைத்திருந்தீர்களா? அன்றைக்கே கொடுத்துவிட்டோம். பிறகு என்னதான் செய்தீர்கள்? பால் காய்ச்சினோம்.

அட்வொகாட்டின் முகம் மலர்ந்துவிட்டதாம். "அப்படியென்றால் பிரச்சினை இல்லை. நீங்கள் ஒரு காலையில் பழைய சொந்தக்காரரிடம் விருந்தாளியாய்ப் போனீர்கள். ஒரு கோப்பை பால் குடித்தீர்கள். வந்துவிட்டீர்கள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. மகனுக்கு முன்னால் அதை மட்டும் சொல்லுங்கள். சொந்தக்காரராய்ப் போனோம் என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள்."

அன்று பின்னேரம் என் கூரைக்கு மேலே சண்டை. அவர்கள் வீட்டில் இடியப்ப உரல் உருளுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கும். சமாதானம் பேசப் போனேன். இராசலட்சுமி உண்மையாகவே இடியப்பம்தான் பிழிந்துகொண்டிருந்தாள், பிழிகிற வேகத்தில் தட்டு முறியும்போல இருந்தது.

"அண்ணை, நீங்களே கேளுங்கோ" என்றார் சீவரத்தினம் தேய்ந்த குரலில். "அவ சொல்லச் சொன்னது பொய்யில்லையே? போனம், பால் குடிச்சம், வந்தம்."

"பால் குடிக்கவோ போனனாங்கள்?" என்றாள் அவள்.

"பின்னை?"

"பால் குடிக்கிறதெண்டா எங்கடை ஃபிறிட்ஜுக்கை இல்லையே? ஐயரிட்டை நாள் கேட்டது பால் குடிக்கவோ? சாமிப்படத்தைத் தலையிலை வைச்சுக்கொண்டு போனது பால் குடிக்கவோ?"

"இஞ்சேரும், அது எங்களுக்குத் தெரியும், சாமிக்குத் தெரியும். அவங்களுக்கு ஏன் சொல்லுவான்? ஒரு வசனம். ஒண்டும் நடக்கேல்லை எண்டு ஒரு வசனம். குழாய்ச் செலவு அவன்ரை தலையிலை. எனக்கு வேலை நிக்குமோ போகுமோ தெரியாது. முற்றத்தைத் தோண்ட எவ்வளவு காசு முடியும் எண்டு தெரியுமே உமக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமோ?"

"தெரிஞ்சும்தான்." அவள் உரலைக் கீழே வைத்தாள். "இஞ்சாருங்கோ, ஒரு கிழமையா ரீவியிலை என்ன சொல்லுறாங்கள்? சனம் சாகேல்லையாம். ஒண்டும் நடக்கேல்லையாம். அவ்வளவு சனமும் எங்கை எண்டு கேட்டா, அப்பிடி ஒரு சனமே இருக்கேல்லையாம். நீங்கள் அதுக்குத்தானே கொப்பன்ஹேகனிலை போய்த் தொண்டை கிழியக் கத்தினியள்? நடந்தது எண்டு தானே கத்தினியள்? இப்ப வீட்டை வந்து, நடக்கேல்லை எண்டு சொல்லு எண்டு என்னைக் கேக்கிறியள்."

"அதையும் இதையும் ஏன் முடிச்சுப் போடுறீர்?"

"எனக்கு எல்லாம் ஒண்டுதான். அங்கை என்ரை வீட்டை எடுத்தவங்கள், அது உன்ரை வீடில்லை எண்டாங்கள். சரி, அவனிட்டைத் துவக்கு இருந்தது, நான் வாயைப் பொத்திக்கொண்டு வந்தன். இஞ்சை ஆரிட்டைத் துவக்கு இருக்கு? நான் அந்த வீட்டிலை அடுப்பு மூட்டினனான். பால் பொங்கினது. இல்லையெண்டு சொல்ல என்ரை வாய் வராது. ஆர் சொன்னாலும் வராது."

ரஜிதா அறையிலிருந்து எட்டிப் பார்த்து டெனிஷில் ஏதோ சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். "அப்பா, அம்மாவை விடுங்கோவாம்" என்று சீவரத்தினமே மொழிபெயர்த்துவிட்டுப் பால்கனிக்குப் போய் நின்றார். நான் சமாதானம் பேச வந்ததை மறந்து இடியப்பமும் சொதியும் தின்றுவிட்டு இறங்கினேன். உறைப்பு கொஞ்சம் கூட.

சனிக்கிழமை பீற்றரின் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். தண்ணீர் இறைக்கிற மோட்டர் ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கி வானில் ஏற்றிக்கொண்டு நானும் போனேன். முற்றத்தில் மகன்காரனின் படகு ஒன்று தார்ப்பாய் மூடி இழுவண்டியில் நின்றது. தன் வீட்டில் இடமில்லை என்று தகப்பனின் முற்றத்தில் வைத்திருந்தானாம். கெல்டருக்குள் இறங்கினால் மூக்கைப் பொத்த வேண்டும். மோட்டரைப் பூட்டிவிட்டு மேலே வந்து சமையலறை வாசலில் நின்றேன்.

மேசைக்கு ஒரு பக்கம் மகன்காரன், பக்கத்தில் பீற்றர். மற்றப் பக்கம் சீவரத்தினம், இராசலட்சுமி, ரஜிதா, அட்வொகாட். பீற்றர் கோப்பியும் பிஸ்கற்றும் வைத்திருந்தார், ஒருவரும் தொடவில்லை. மகன்காரன் தான் சொல்ல வேண்டியதை மரியாதையாகவே சொன்னான்: தரையில் அடையாளம், நெருப்பு, பாவனை, பொறுப்பு.

அட்வொகாட் சிரித்த முகத்துடன் கேட்டா: "என் ஆட்கள் அன்றைக்கு உங்கள் தகப்பனாரின் விருந்தாளிகளாய் வந்தவர்கள். அப்படித்தானே?"

சீவரத்தினம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஓம் என்றார்.

"இல்லை" என்றாள் இராசலட்சுமி.

அதற்குப் பிறகு அவள் டெனிஷில்தான் கதைத்தாள். கண்ணாடிக்கூடத்து டெனிஷ். இலக்கணம் எல்லாம் அங்கே தேடக் கூடாது. ஆனால் அந்த மேசையில் அவளுடைய ஒரு சொல்லும் ஒருவருக்கும் விளங்காமல் போகவில்லை.

"விருந்தாளி அடுப்பு மூட்ட மாட்டாள். நான் வீட்டுக்காரியாய் வந்தேன். எங்கள் ஆட்கள் ஒரு வீட்டுக்குள் போவது அப்படித்தான். பால் பொங்கினால் வீடு எங்களுடையது. அன்றைக்குப் பொங்கினது."

அட்வொகாட் பேனையை மேசையில் வைத்துவிட்டா. மகன்காரனுக்கு நம்ப முடியவில்லை. கேளாமலே கிடைத்த பரிசு.

"அப்போ குழாய் உங்களுடையது" என்றான்.

"ஓம். என்னுடையது. வீடும் என்னுடையது, அன்றைக்கிலிருந்து. அப்போ திறப்பை இப்போதே தாருங்கள். உங்கள் அப்பா இத்தனை நாளும் என் வீட்டில் இருந்திருக்கிறார். அவர் என் விருந்தாளி, யூலை வரை இருக்கட்டும், நான் காசு கேட்கமாட்டேன். முற்றத்தில் நிற்கிற படகு என் விருந்தாளி இல்லை. அதை இன்றைக்கே எடுங்கள்."

ரஜிதா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

"அது அப்படி இல்லை. ஒப்பந்தத்தில் யூலை முதலாம் திகதி என்றுதான்…" என்று தொடங்கினான் மகன்காரன்.

"உடைந்த குழாய் மே மாதமே எனக்கு. நல்ல வீடு யூலையில்தான் எனக்கு. இது என்ன நியாயம்? எனக்கு இரண்டும் தா. இல்லையென்றால் இரண்டையும் நீ வை."

அட்வொகாட் பேனையைத் திரும்பவும் கையில் எடுத்தா. மகன்காரன் அட்வொகாட்டைப் பார்த்தான், அட்வொகாட் ஜன்னலைப் பார்த்தா. பீற்றர் பிஸ்கற்றுத் தட்டை ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

"அந்தக் குழாய் இப்போது உடைந்ததில்லை" என்றார்.

"அப்பா" என்றான் மகன்.

"பேர்ச் மரத்தின் வேர் உள்ளே போயிருக்கிறது. அம்மா இருந்த காலத்திலேயே இரண்டு தரம் தண்ணீர் வந்தது. நான் வாளியால் அள்ளி ஊற்றினேன். விற்கும்போது ஏதும் பழுது இருக்கிறதா என்று கேட்டார்கள். நீ சொல்ல வேண்டாம் என்றாய், நான் சொல்லவில்லை." கிழவரின் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. "இந்த மனுசி தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்தும் மேசையில் உண்மையை வைக்கிறா. நான் அவவின் பாலைக் குடித்துவிட்டு ஊமை மாதிரி இருக்க முடியாது."

மகன்காரன் எழுந்து வெளியே போனான். கதவை அடிக்கவில்லை, ஆனால் மெதுவாகச் சாத்தவுமில்லை.

அட்வொகாட் இரண்டு வசனத்தில் விளக்கினா. தெரிந்தும் மறைத்த பழுதுக்கு விற்றவரே பொறுப்பு. வீடு எந்த நாளில் கைமாறியது என்ற கேள்வியே அதற்குத் தேவையில்லை. சொல்லிவிட்டு இராசலட்சுமியைப் பார்த்து, "இருபத்தைந்து வருஷத்தில் என் பேச்சைக் கேளாமல் வழக்கை வென்ற முதல் ஆள் நீங்கள்" என்றா. இராசலட்சுமி சிரிக்கவில்லை. நன்றி என்று மட்டும் சொன்னாள்.

பீற்றர் மேல்தட்டிலிருந்து இன்னொரு திறப்பை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். யூலைக்கு முன் தரத் தேவையில்லை என்று அட்வொகாட் சொன்னா. தனக்குத் தெரியும் என்றார் கிழவர். இராசலட்சுமி அதை எடுத்துக் கழுத்துச் சங்கிலியில் கோர்க்கப் பார்த்து, கொளுவ முடியாமல், கைக்குள் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் அவள் முகம் உடைந்தது. எங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு கழுவுகிற தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஒருவரும் குடியாத கோப்பிக் கோப்பைகளைக் கழுவினாள். "சிவா, டேய் சிவா" என்று தண்ணீர்ச் சத்தத்துக்குள் இரண்டு தரம் கேட்டது. சீவரத்தினம் பக்கத்தில் போய் நின்று கோப்பைகளைத் துடைத்தார். அந்த மனுசன் கோப்பை துடைத்ததையும் நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

வெளியே மகன்காரன் படகைத் தன் காரில் கொளுவிக்கொண்டிருந்தான். போகும்போது கை கொடுக்கவில்லை. இராசலட்சுமி கொடுக்கச் சொல்லவுமில்லை.

மோட்டர் முக்கால்வாசித் தண்ணீரை இறைத்துவிட்டுச் சேறு அடைத்து நின்றுவிட்டது. இராசலட்சுமி காற்சட்டையை முழங்கால் வரை மடித்து, வாளியும் தரை கூட்டுகிற தும்புத்தடியும் எடுத்துக்கொண்டு கெல்டருக்குள் இறங்கினாள். அள்ளி அள்ளி நீட்டினாள், நான் படியில் நின்று வாங்கி வெளியே ஊற்றினேன். வயலுக்கு அப்பால் வானம் கறுத்து வந்தது. காற்றில் பேர்ச் மரம் இரைந்தது.

சீவரத்தினம் வாசலில் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"இஞ்சேரும், மேலை வாரும். மழை வரப்போகுது. குழாய் திருத்த முதல் நீர் எவ்வளவு இறைச்சாலும் திரும்ப நிறையத்தான் போகுது."

கீழேயிருந்து வாளி வந்தது. அதற்குப் பின்னால் அவள் குரலும் வந்தது.

"வரட்டும். என்ரை வீட்டுக்கைதானே வருது."